மழைக்கு அஞ்சியவள் வாங்கிய காகித நுண்ணோக்கி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

ஃபோல்டுஸ்கோப் என்னும் காகித நுண்ணோக்கியைப் பற்றி இதுவரை நான் படித்த மதிப்புரைகளை எல்லாம் அறிவியல் ஆசிரியர்களோ பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரோதான் எழுதியிருந்தார்கள். நான் ஆசிரியரும் இல்லை, எனக்குப் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் இல்லை. ஒரு பெரும் அதிர்ச்சிக்குப் பிறகு எதிலும் நாட்டமின்றிக் கிடந்த மனத்தை மெல்ல எழுப்பி உட்கார வைக்க இந்தக் கருவி எனக்கு உதவியது. அதே நிலையில் இருக்கும் ஒருவருக்கு இதை வாங்கிக் கொடுக்கலாமா, கொடுத்தால் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் பேசுவதே என் நோக்கம்.

2015 டிசம்பர் 1 அன்று சென்னையை அடுத்த தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பதிவானது. அப்போது நாங்கள் சென்னையில், அடையாற்றை ஒட்டிய ஜாபர்கான்பேட்டையில் ஒரு தரைத்தள வீட்டில் குடியிருந்தோம். தண்ணீர் வாசல் வழியாக வரும் என்று படிக்கட்டில் துணி மூட்டையை அடுக்கிக்கொண்டிருந்தபோது, அது குளியலறைச் சாக்கடைத் துளை வழியாகப் பின்னாலிருந்து வந்தது. அம்மாவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியின் நடுத் திருப்பத்தில் போய் உட்கார்ந்தேன். மின்சாரம் இல்லை, கைபேசி செத்துவிட்டது. விடியும் வரை, கீழே எங்கள் மரக்கட்டில் மிதந்து சுவரில் முட்டுகிற ஓசை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. இருவரும் பிழைத்தோம். இதற்கு மேல் அந்த இரவைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை.

அதன் பிறகு மழை என்றாலே எனக்கு நெஞ்சு அடைத்ததை வீட்டில் எல்லோரும் புரிந்துகொண்டார்கள். மழையே இல்லாத சித்திரை, வைகாசி மாதங்களிலும் எனக்கு எதுவும் பிடிக்காமல் போயிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. நானும்தான். மார்கழிக் கோலங்களுக்கென்று புள்ளி எண்ணிக்கையோடு ஏழு நோட்டுப் புத்தகங்கள் வைத்திருந்தவள் நான். வெள்ளத்தில் அவை போன பிறகு எட்டாவது நோட்டு ஒன்றை வாங்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. இது சோம்பல், வயதாகிறது, இவ்வளவுதான் வாழ்க்கை என்று நினைத்துக்கொண்டேன். 2013-இல் வெளியான டி.எஸ்.எம்-5 என்னும் மனநல மருத்துவக் கையேடு, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாற்றின் அறிகுறிகளில், கெட்ட கனவோடும் திடுக்கிடலோடும், முன்பு ஈடுபட்டு வந்த செயல்களில் ஆர்வம் குன்றிப்போவதையும் சேர்த்திருக்கிறது என்பது எனக்கு எட்டு ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

அதுவும் இன்னொரு மழையால்தான் தெரிந்தது. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். அதற்குள் நாங்கள் மயிலாப்பூரில் இரண்டாம் மாடிக்கு வந்துவிட்டோம், எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. ஆனாலும் அன்று இரவு முழுவதும் நான் மாடிப்படித் திருப்பத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் வந்து பார்த்துவிட்டு, மறு வாரம் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். சில மாதங்கள் மாத்திரை, வாரம் ஒரு முறை உளவியல் ஆலோசகரோடு பேச்சு என்று சிகிச்சை தொடங்கியது. ஒருநாள் அந்த ஆலோசகர் சொன்னது எனக்கு அப்போது விளங்கவே இல்லை. “தினமும் பத்து நிமிஷம், எந்தப் பிரயோஜனமும் இல்லாத ஒண்ண உன்னிப்பாப் பாருங்கம்மா. பிடிக்கணும்னு அவசியம் இல்ல. ‘இது என்ன’ன்னு ஒரு கேள்வி வந்தாப் போதும்.” நான் சுவரையும் பல்லியையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேள்வி வரவில்லை.

எட்டாம் வகுப்புப் படிக்கும் அண்ணன் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளி அறிவியல் மன்றத்தில் கொடுத்ததாகச் சொல்லி ஓர் உறையை என் மடியில் போட்டாள். “அத்தை, எனக்கு இத மடிக்கவே வரல. நீங்கதான் கோலம் நல்லாப் போடுவீங்களே, உங்க கைக்கு வரும்.” அந்த உறைக்குள் இருந்த காகித நுண்ணோக்கியைத் திருப்பிக் கொடுத்த பிறகு, இரண்டாவது வாரத்தில் எனக்கென்று ஒன்றை வாங்கிக்கொண்டேன்.

இனி கருவியைப் பற்றி. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் என்ற இந்தியாவில் பிறந்த உயிரிப்பொறியியலாளரும் அவருடைய மாணவர் ஜிம் சிபுல்ஸ்கியும் உருவாக்கியது இது. இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2014-இல் வெளியானபோது, ஒரு டாலருக்கும் குறைவான செலவில் உதிரிப் பாகங்களைக் கொண்டு செய்யக்கூடிய நுண்ணோக்கி என்று அதைக் குறிப்பிட்டார்கள். நம் நாட்டில் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் இதைப் பள்ளி, கல்லூரிகளுக்குக் கொண்டு செல்ல ஒரு திட்டத்தை நடத்தியது. தண்ணீர் பட்டாலும் கிழியாத ஒரு வகைக் காகிதத் தாள், அதில் வெட்டுக் குறிகள், மடிப்புக் கோடுகள், பொருத்த வேண்டிய இடங்களுக்கு எண்கள், நடுவே கடுகைவிடச் சற்றே பெரிய ஒரு கண்ணாடிக் கோளம் என்று இதன் உறுப்புகள் மிகக் குறைவு. அந்தக் கோளம்தான் லென்ஸ். அது 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும், ஏறத்தாழ 2 மைக்ரான் இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைக்கூடத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பதினேழாம் நூற்றாண்டில் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லேவன்ஹூக் நுண்ணுயிர்களை முதன்முதலாகக் கண்டதும் இதைப் போன்ற ஒற்றை லென்ஸ் கருவியால்தான்.

மடித்துச் சேர்க்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. பிள்ளைகள் இருபது நிமிடத்தில் முடித்துவிடுவார்களாம். எனக்கு அந்த முக்கால் மணி நேரமே முதல் நன்மையாக அமைந்தது. ஓர் எண்ணைத் தேடி, அதே எண் உள்ள பிளவில் காகித நாக்கைச் செருகி, நகத்தால் மடிப்பை நீவிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போகும் வேலையில், என் கவனமெல்லாம் கைவேலைக்கே சரியாக இருந்தது. ஆனால் மனத்துக்கு வேலை கொடுப்பது என்றால் கடினமான ஒன்றைக் கொடுத்து அதை மறக்கடிப்பது என்று பொருள் இல்லை. நான் எதையும் மறக்கவில்லை. சன்னலுக்கு வெளியே வானம் கறுத்ததா என்று பார்ப்பதை நான்கைந்து மடிப்புகள் வரை தள்ளிப்போட முடிந்தது, அவ்வளவுதான். அதுவே எனக்குப் பெரிய தூரம்.

முதலில் பார்த்தது சின்ன வெங்காயத்தின் உள்தோல். சாம்பாருக்கு உரித்துக்கொண்டிருந்தபோது அடுக்குகளுக்கு நடுவில் வந்த கண்ணாடி போன்ற சவ்வை ஸ்லைடில் ஒட்டினேன். கருவியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துச் சன்னல் வெளிச்சத்தை நோக்க வேண்டும், இரண்டு கட்டைவிரல்களாலும் காகிதப் பட்டைகளை இழுத்தும் தள்ளியும் உருவத்தைத் தெளிவாக்க வேண்டும். பத்து நிமிடம் வரை வெறும் மங்கல். பிறகு சட்டென்று, சுண்ணாம்பு பூசாத செங்கல் சுவர் போல அறைகள் வரிசையாகத் தெரிந்தன. எனக்கு மகிழ்ச்சி வந்தது என்று சொன்னால் அது பொய். ‘இந்தச் செங்கல்லுக்கு நடுவில் என்ன இருக்கும்’ என்று ஒரு கேள்வி வந்தது. ஆலோசகர் கேட்டது இதைத்தான் என்று அன்று இரவு படுக்கப் போனபோது உறைத்தது.

அதன் பின் கோலமாவைப் பார்த்தேன். மாட வீதியில் வாங்கிய கல்மாவு ஒரு சிட்டிகை, வீட்டில் அரைத்த பச்சரிசி மாவு ஒரு சிட்டிகை, இரண்டையும் அடுத்தடுத்து வைத்தேன். கல்மாவு உடைந்த கண்ணாடிச் சில்லுகள் போல விளிம்பு கூர்மையாக, ஒவ்வொன்றும் ஒரு வடிவமாக ஒளியைத் தெறித்தது. அரிசி மாவோ பொடிப்பொடியான மணிகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கொத்துக்கொத்தாகக் கிடந்தது. முப்பது ஆண்டுகளாக விரலிடுக்கில் வழுக்கிப் போவதும் விரலில் ஒட்டிக்கொள்வதுமாக இந்த இரண்டு மாவுக்கும் உள்ள வேறுபாட்டை என் விரல் அறிந்திருந்தது, காரணத்தை என் கண் அன்றுதான் கண்டது. அன்று மாலை வாசலில் நான்கு புள்ளிக் கோலம் ஒன்று போட்டேன். அம்மா நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

செம்பருத்தி மகரந்தத்தை மட்டும் எல்லோருக்கும் பரிந்துரைப்பேன். மகரந்தத் தூளை ஸ்டிக்கரில் தொட்டு எடுத்தால் போதும். ஒவ்வொரு துகளும் குட்டி ஊமத்தங்காய் போல உருண்டையாக, சுற்றிலும் முள்ளோடு இருக்கும். அளவில் பெரியது என்பதால் முதல் முயற்சியிலேயே அகப்படும். தொடக்கத்திலேயே தோற்றுப்போனால் கைவிட்டுவிடும் மனநிலையில் இருப்பவருக்கு இது முக்கியம். வெங்காயத்திலிருந்து தொடங்காமல் செம்பருத்தியிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

நீருக்கு வர எனக்கு நான்கு மாதம் பிடித்தது. என் பயமே நீர்தான் என்பதால் ஆலோசகரிடம் முன்கூட்டியே சொல்லி, எப்போது நிறுத்திவிட வேண்டும் என்று பேசி வைத்துக்கொண்டேன். பயந்த பொருளை நோக்கிப் படிப்படியாக நெருங்குவது ஒரு சிகிச்சை முறை. அதைத் துணையில்லாமல், யாரோ இணையத்தில் எழுதியதைப் படித்துவிட்டுத் தனியாகச் செய்யக்கூடாது. எங்கள் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் மழைக்காலத்தில் பச்சை வெல்வெட்டுப் போலப் படரும் பாசி, பங்குனி வெயிலில் காய்ந்து பழுப்பாகிப் பொருக்குத் தட்டியிருந்தது. அதில் நகத்தளவு பெயர்த்து, ஒரு மூடியில் வைத்து, வடிகட்டிய குடிநீரில் நாலு சொட்டு விட்டு மூடி வைத்தேன். குழாய் நீருக்குப் பதில் வடிகட்டிய நீரை எடுத்ததற்குக் காரணம், அதில் உயிர் எதுவும் இருக்காது என்ற எண்ணம்தான்.

இரண்டு மணி நேரம் கழித்துப் பாசியைப் பிழிந்த நீரில் ஒரு துளியை ஸ்லைடில் வைத்தேன். மண் துகள்களுக்கு நடுவே ஒளி ஊடுருவும் ஓர் உருளை அட்டைப்பூச்சி போல நீண்டு, சுருங்கி, மறுபடியும் நீண்டது. பின் ஓரிடத்தில் காலூன்றிக்கொண்டு தலையைத் திறந்தது. தலையில் இரண்டு சக்கரங்கள் சுழன்றன. உண்மையில் அவை சக்கரங்கள் அல்ல, ஒன்றன்பின் ஒன்றாக அசையும் மயிரிழைகள், நம் கண்ணுக்குத்தான் சுழல்வது போலத் தெரிகிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ரோட்டிஃபர் என்பது இதன் பெயர். காய்ந்தால் உடம்பைச் சுருட்டி, உயிரின் அலுவல்களை எல்லாம் நிறுத்திக்கொண்டு தூசியோடு தூசியாகக் கிடக்கும். நீர் பட்டால் எழும். வீட்டுக் கூரைத் தாழ்வாரத்தின் காய்ந்த படிவில் நீர் ஊற்றி இது எழுவதை லேவன்ஹூக் 1702-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். சைபீரியாவின் உறைமண்ணில் ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் உறைந்து கிடந்த இதே வகை உயிர் ஒன்று எழுந்ததாக 2021-இல் ஆய்வறிக்கை வெளியானது. அன்று நான் பத்து நிமிடக் கணக்கை மறந்து, கண் வலிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மகளுக்குக் கைபேசியில் அழைத்தேன். எட்டு ஆண்டுகளில் நானாக ஒருவரை அழைத்து, “இங்க வந்து இதப் பாரேன்” என்று சொன்னது அதுதான் முதல் முறை.

குறைகளையும் சொல்ல வேண்டும். இது ஒளி ஊடுருவும் பொருள்களுக்கு மட்டுமே ஏற்ற கருவி. மெரினா மணல், எறும்பின் உடல், துணியின் மடிப்பு போன்ற தடித்த பொருள்கள் வெறும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். தயிரில் உள்ள பாக்டீரியாவைப் பார்த்துவிடலாம் என்ற எதிர்பார்ப்போடு வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும், அவை இந்த லென்ஸின் எல்லைக்கு அருகிலோ அதற்கும் கீழோ இருப்பவை. பார்வைப் பரப்பு மிகச் சிறியது என்பதால், ஓடும் உயிரியை விரலால் துரத்திப் பிடிக்கப் பழகவே சில வாரங்கள் ஆகும். கை நடுங்குபவர்களுக்கு இது சிரமம். மாத்திரை தொடங்கிய காலத்தில் எனக்கும் இலேசான நடுக்கம் இருந்தது, அப்போது முழங்கைகளை மேசையில் ஊன்றிக்கொண்டால் ஓரளவு நிலைத்தது. சூரியனை நேராகப் பார்க்கும்படி இதைப் பிடிக்கவே கூடாது என்பதைப் பிள்ளைகளிடம் கொடுக்கும்போது இரண்டு முறை சொல்லுங்கள்.

இன்னொரு குறையை நான் படித்த எந்த மதிப்புரையும் சொல்லவில்லை. மனக்காயம் பட்டவர்களுக்குச் சுற்றுப்புறத்தைக் கண்காணித்துக்கொண்டே இருப்பது பழக்கமாகிவிடும். எந்த அறைக்குப் போனாலும் கதவு எங்கே இருக்கிறது என்று கண் தேடும். அப்படிப்பட்டவரை ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைக் காகிதத்தில் ஒட்டி உட்காரச் சொன்னால், உலகமே கண்ணிலிருந்து மறைந்துபோகிறது. முதல் சில நாள்கள் எனக்கு முதுகு கூசியது. பின்புறம் சுவர் இருக்கும்படி உட்கார்ந்தபோது குறைந்தது. கருவியோடு வரும் சிறு காந்த வளையத்தால் அதைக் கைபேசிக் கேமராவில் பொருத்தித் திரையில் பார்த்தபோது முற்றிலும் விலகியது. திரை வழியாகப் பார்த்தால் இரு கண்களும் திறந்திருக்கும், பக்கத்தில் இருப்பவரும் கூடவே பார்க்கலாம், வேண்டாம் என்று தோன்றும் கணத்தில் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடலாம். இத்தகையவர்களுக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் தொடக்கத்திலிருந்தே திரை வழியாகப் பார்க்கப் பழக்குவது நல்லது.

அதேபோல, வாங்கிக் கொடுத்துவிட்டு “இன்னிக்கு என்ன பார்த்தே” என்று நாள்தோறும் விசாரிக்காதீர்கள். எனக்கு மூன்று வாரம் உறையைத் தொடவே முடியாத ஐப்பசி ஒன்று இருந்தது. அப்போது அண்ணன் வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கேட்காமல் இருந்ததால்தான் கார்த்திகையில் மறுபடியும் எடுத்தேன். ஆர்வத்தைக் கடமையாக்கினால் அதுவும் தினசரி மாத்திரை போலாகிவிடும், மாத்திரைக்காவது ஒரு பயன் உண்டு.

எங்கே என்ன கிடைக்கும் என்பதில் சென்னைவாசிகளுக்குக் குறையே இல்லை. மொட்டை மாடிப் பாசி, பூக்கூடையில் உதிர்ந்த மகரந்தம், மேசை விளக்கடியில் செத்து விழுந்த ஈசலின் இறகு, பழைய ரொட்டியில் பூத்த பூஞ்சை என எல்லாம் வீட்டைச் சுற்றியே இருக்கின்றன. மயிலாப்பூரில் சித்திரக்குளத்துப் படியில் ஒட்டியிருக்கும் பச்சை இழையை ஒருநாள் கொண்டுவந்தேன். பச்சை நாடா ஒவ்வோர் அறைக்குள்ளும் சுருள் சுருளாக ஓடியது, அது ஸ்பைரோகைரா என்னும் பாசி என்று அண்ணன் மகள் தன் பாடப் புத்தகத்தைக் காட்டினாள். ஆனால் தெருவில் தேங்கிய வெள்ள நீரை மட்டும் கையால் தொட வேண்டாம், எலிக்காய்ச்சல் பரவும் வழி அது. வீட்டில் மாதிரி நீர் வைத்திருந்தால் மூடி போட்டு வையுங்கள், பார்த்து முடித்ததும் கொட்டிவிடுங்கள், கொசுவுக்கு ஒரு மூடி நீரே போதும்.

இந்தக் கருவி எனக்குச் சிகிச்சைக்குப் பதிலாக இருக்கவில்லை, சிகிச்சையின் ஓரத்தில் இருந்தது. மருத்துவரும் மாத்திரையும் வாரப் பேச்சும் இல்லாமல் இதை மட்டும் வாங்கியிருந்தால் உறைகூடப் பிரிந்திருக்காது. யாரிடம் போவது என்று தெரியாதவர்கள் மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம், 2022 அக்டோபரில் தொடங்கிய அந்தச் சேவை கட்டணமில்லாதது, இரவு பகல் எந்நேரமும் இயங்குவது, தமிழிலும் பேசலாம்.

தொகுப்புகளில் எதை வாங்குவது என்று கேட்டால், தகரப் பெட்டி, விளக்கு, இடுக்கி, வடிகட்டி எல்லாம் அடங்கிய பெரிய தொகுப்பு தொடக்கத்தில் வேண்டாம் என்பேன். அத்தனை பொருள்களையும் ஒரே நேரத்தில் பரப்பிப் பார்த்தால், எதையாவது கற்றாக வேண்டும் என்ற பாரம் வந்துவிடும். காகித நுண்ணோக்கியும் சில ஸ்லைடுகளும் காந்த வளையமும் உள்ள எளிய தொகுப்பே போதும். ஓராண்டில் என் கருவியின் ஒரு மடிப்பு மட்டும் தளர்ந்திருக்கிறது, ஒட்டும் நாடாவால் அதைச் சரிசெய்துகொண்டேன். லென்ஸில் விரல் படாமல் பார்த்துக்கொண்டால் நெடுநாள் உழைக்கும் என்றே தோன்றுகிறது.

என் ஸ்லைடுகளை அம்மாவின் பழைய ட்ரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஜாபர்கான்பேட்டை வீட்டிலிருந்து எங்களோடு வந்த ஒரே பெட்டி அது. சென்ற மாதம் அதைத் துடைத்தபோது, அடித்தகட்டின் மடிப்பிடுக்கில் சாம்பல் நிறத்தில் வண்டல் காய்ந்து ஒட்டியிருந்ததைக் கண்டேன். எத்தனை முறை கழுவியும் போகாமல் அங்கேயே தங்கிவிட்ட அடையாற்று மண். குச்சியால் சுரண்டி ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டி, மேலே ‘1.12.2015’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மூடியும் வடிகட்டிய நீரும் பக்கத்திலேயே இருக்கின்றன. இன்னும் சொட்டு விடவில்லை. அண்ணன் மகள் அரையாண்டு விடுமுறைக்கு வருகிறாள், அதுவரை பொட்டலம் பெட்டியிலேயே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.